மணல் வாளியும் மரக்கட்டையும்

ஒரு சைக்கிள் சக்கரத்தைக் கப்பியாக்கி உயரத்தில் பூட்டியிருக்கிறார்கள். அதன்மேல் ஒரு கயிறு ஓடுகிறது. கயிற்றின் ஒரு முனையில் மணல் நிரப்பிய வாளி, மறுமுனையில் ஒரு மரக்கட்டை. வாளி மேலே நிற்கிறது, கட்டை கீழே நிற்கிறது. இரண்டிலும் அசைவில்லை. எது பாரம் கூடியது?

இதை வாசிப்பவர்கள் ஒரு நிமிடம் நிறுத்தி, தங்கள் விடையை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி வைத்துக்கொண்டு தொடர்வது நல்லது. மனதுக்குள் நினைத்தால் போதாது, எழுத வேண்டும். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கட்டைதான் பாரம், அதனால்தான் அது கீழே நிற்கிறது என்று எழுதியிருந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. மெல்பேர்ணில் உள்ள மொனாஷ் பல்கலைக்கழகத்திற்குப் பௌதிகம் படிக்க வந்த முதலாம் ஆண்டு மாணவர்களில் கணிசமானோர் அப்படித்தான் சொன்னார்கள். உண்மையில் இரண்டும் ஒரே பாரம். ஒன்று கூடியதாக இருந்திருந்தால் அந்தப் பக்கம் இறங்கிக்கொண்டே போயிருக்கும். அசையாமல் நிற்கிறது என்பதே விடையைச் சொல்லிவிடுகிறது. எந்த உயரத்தில் நிற்கிறது என்பதற்கும் பாரத்திற்கும் சம்பந்தமில்லை.

அடுத்து, வாளியில் இன்னும் கொஞ்சம் மணல் போட்டால் என்ன நடக்கும் என்றும் அந்த மாணவர்களிடம் கேட்கப்பட்டது. வாளி சற்றுக் கீழே இறங்கிப் புதிய இடத்தில் நின்றுவிடும் என்று சொன்னவர்களும் அவர்களிடையே இருந்தார்கள். நிற்காது. தரையில் முட்டும்வரை வேகம் கூடியபடி இறங்கும்.

இந்தத் தவறு எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால் எனக்குத் தராசுதான் நினைவுக்கு வருகிறது. சந்தையில் தாழ்ந்த தட்டு பாரமான தட்டு. சிறு வயதிலிருந்து கண் பழகிய அந்த அறிவை, நியூட்டனின் விதிகளை ஒப்புவித்துப் பரீட்சையில் சித்தியடைந்த பிறகும் மூளை விட்டுக்கொடுக்கவில்லை. பரீட்சை மண்டபத்திற்கு ஒரு பௌதிகம், வீட்டு முற்றத்திற்கு இன்னொரு பௌதிகம். இரண்டும் ஒரே மண்டைக்குள் ஒன்றையொன்று சந்திக்காமலே குடியிருக்கின்றன.

ரிச்சர்ட் கன்ஸ்டன், ரிச்சர்ட் வைட் என்ற இரண்டு மொனாஷ் கல்வியாளர்கள் இந்த ஆய்வை 1981 இல் வெளியிட்டார்கள். மாணவர்களைக் குறைகூறுவதற்காக அவர்கள் இதைச் செய்யவில்லை. பள்ளிக்கூடம் இவர்களுக்கு நல்ல புள்ளிகள் கொடுத்து அனுப்பியிருக்கிறது. அந்தப் புள்ளிகள் எதை அளந்தன என்பதுதான் அவர்களது கேள்வி. அந்தக் கேள்வி மெல்பேர்ணின் மேற்குப் புறநகர் ஒன்றில் இருந்த சாதாரண அரசாங்கப் பள்ளிக்கூடம்வரை எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் விடயம். அதற்கு முன் சிட்னிக்கு ஒருமுறை போய்வர வேண்டும். பல்கலைக்கழகம் பள்ளிக்கூடத்தின் கதவைத் தட்டிய கதை அங்கே முன்னதாகவே தொடங்கிவிட்டது.

ஹரி மெசல் என்ற கனேடியர் 1952 இல் சிட்னிப் பல்கலைக்கழகத்தின் பௌதிகப் பிரிவுக்குத் தலைவராக வந்தபோது அவருக்கு வயது முப்பது. ஆரவாரமான மனிதர். பணக்காரர்களிடமிருந்து ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டுவதில் வல்லவர். 1954 இல் அதற்கென்றே ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். 1957 இல் ரஷ்யாவின் ஸ்புட்னிக் வானில் ஏறியதும், மேற்கு நாடுகளுக்குத் தங்கள் பள்ளிகளின் விஞ்ஞானக் கல்வி பற்றிக் கலக்கம் பிறந்தது. மெசல் 1958 இல் பள்ளி விஞ்ஞான ஆசிரியர்களுக்குக் கோடைக்காலப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். 1962 முதல் அது உயர்வகுப்பு மாணவர்களுக்கானதாக மாறியது. உலகின் பெரிய விஞ்ஞானிகள் வந்து விரிவுரை நிகழ்த்தினார்கள். பிற்காலத்தில் பல நாடுகளிலிருந்தும் மாணவர்கள் வந்து கூடும் சர்வதேச விஞ்ஞானப் பள்ளியாக அது வளர்ந்தது.

அதே 1962 இல் நியூ சவுத் வேல்சில் வின்டம் திட்டம் என்ற பெயரில் இடைநிலைக் கல்வி முழுவதும் மாற்றியமைக்கப்பட்டது. பௌதிகம், இரசாயனம், உயிரியல், நிலவியல் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த விஞ்ஞானப் பாடம் வந்தது. ஆனால் அதற்குப் பொருத்தமான பாடநூல் இல்லை. மெசல் ஒரு குழுவைக் கூட்டி 1964 இல் பெரிய பாடநூல் ஒன்றை வெளிக்கொணர்ந்தார். தலையணை போன்ற அந்த நீல அட்டைப் புத்தகத்தைச் சுமந்து முதுகு வளைந்த கதையை, இப்போது முதுமையை எட்டியிருக்கும் சிட்னிக்காரர்களிடம் கேட்கலாம். மெசலின் அழைப்பில் வந்தவர்களில் ஒருவரான அமெரிக்கப் பௌதிகவியலாளர் ஜூலியஸ் சம்னர் மில்லர், ஏபிசி தொலைக்காட்சியில் 1963 முதல் நடத்திய நிகழ்ச்சியின் பெயரே ‘ஏன் இப்படி?’ என்பதுதான். கலைந்த தலைமயிரும் உரத்த குரலுமாக அவர் கேட்ட கேள்விகள் ஒரு தலைமுறைக்கு விஞ்ஞானத்தில் ஆசை பிடிக்க வைத்தன.

2015 இல் மறைந்த மெசலின் பணியைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் அதில் தண்ணீர் ஒரே திசையில்தான் ஓடியது. பேராசிரியர் மேலே, பள்ளி ஆசிரியர் கீழே. விஞ்ஞானம் அறிந்தவர் பேசுவார், மற்றவர் கேட்டு எழுதிக்கொள்வார். மாணவர்களிலும் ஏற்கனவே கெட்டிக்காரர் என்று பெயரெடுத்தவர்களே அந்த மண்டபத்தில் இருந்தார்கள். பின்வரிசையில் இருந்து யன்னலுக்கு வெளியே பார்க்கும் பிள்ளைக்கு அந்த ஏற்பாட்டில் இடம் இருக்கவில்லை.

இனி மெல்பேர்ணுக்கு வருவோம்.

லேவர்டன் நகரின் மேற்கே உள்ளது. தொழிற்சாலைகள், விமானப்படைத் தளம், தொழிலாளர் குடும்பங்கள், பல நாடுகளிலிருந்தும் வந்து குடியேறியோர். 1980களில் அங்கிருந்த லேவர்டன் உயர்நிலைப் பள்ளியைத் தேடி யாரும் வீடு மாறி வந்திருக்க மாட்டார்கள். அங்கே விஞ்ஞானம் கற்பித்த இயன் மிட்செல் மொனாஷ் பல்கலைக்கழகத்திலும் பகுதிநேரமாகப் பணியாற்றினார். வாரத்தில் சில நாட்கள் சுண்ணக்கட்டி, சில நாட்கள் ஆய்வுக் கட்டுரை. ஜோன் பெயர்ட் என்பவர் மொனாஷில் ரிச்சர்ட் வைட்டின் வழிகாட்டலில், மாணவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்பதை ஆராய்ந்தவர்.

பெயர்ட் கண்டது இதுதான். பிள்ளைகளுக்கு மூளை போதாது என்பதல்ல பிரச்சினை. படிக்கும் பழக்கத்தில் கோளாறு. கவனம் மேலோட்டமாகப் போகிறது. கேள்வியை முழுதாக வாசிக்காமல் விடை எழுதத் தொடங்குகிறார்கள். ஒரு விடை கிடைத்ததும் அது பொருந்துகிறதா என்று பார்க்காமல் மூடிவைத்துவிடுகிறார்கள். எங்கே மாட்டிக்கொண்டோம் என்று தெரியாமல் ‘விளங்கவில்லை’ என்ற ஒரே சொல்லோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நேற்றைய பாடத்தை இன்றைய பாடத்தோடும், பள்ளிக்கூடத்தை வீட்டோடும் இணைப்பதில்லை. இந்தப் பழக்கங்களை மாற்ற முடியுமா?

1985 இல் பெயர்டும் மிட்செலும் லேவர்டன் பள்ளியில் ஒரு முயற்சியைத் தொடங்கினார்கள். ‘பயனுள்ள கற்றலை மேம்படுத்தும் திட்டம்’ என்பது அதன் பெயரின் பொருள். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘பீல்’ என்று சுருக்கமாக அழைத்தார்கள். அந்தச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் தோலுரித்தல் என்று பொருள். பத்துப் பேரளவில் ஆசிரியர்கள் சேர்ந்தார்கள். ஆங்கிலமும் வரலாறும் கற்பிப்பவர்களும் அவர்களில் இருந்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. பிள்ளை ஒரு வகுப்பில் மட்டும் சிந்தித்துவிட்டு அடுத்த வகுப்பில் பழையபடி பார்த்தெழுதினால் பழக்கம் மாறாது அல்லவா?

வெளியிலிருந்து பணம் இல்லை. கல்வித் திணைக்களத்தின் கட்டளை இல்லை. சேர்ந்தவர்களுக்குப் பதவி உயர்வும் இல்லை. வாரம் ஒருமுறை அந்த ஆசிரியர்கள் கூடி, தங்கள் வகுப்பில் அந்த வாரம் என்ன நடந்தது, எது பலித்தது, எது கவிழ்ந்தது என்று பேசினார்கள். மொனாஷிலிருந்து வந்தவர்களும் அந்த வட்டத்தில் உட்கார்ந்தார்கள். விரிவுரை செய்ய அல்ல, கேட்கவும் கைகொடுக்கவும்.

அவர்கள் கையாண்ட உத்திகளில் ஒன்றுதான் நாம் தொடக்கத்தில் செய்தது. முதலில் ஊகித்து எழுது. பிறகு நடப்பதைப் பார். பிறகு இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கு. பார்க்க எளிமையானது. ஆனால் அந்த முதற்படி, அதாவது எழுதிவைப்பது, மிக முக்கியமானது. எழுதாத பிள்ளை, செய்முறையைப் பார்த்ததும் ‘நானும் இதைத்தானே நினைத்தேன்’ என்று தன்னையே ஏமாற்றிக்கொள்ளும். பெரியவர்களான நாமும் அப்படித்தான். எழுதியவனுக்குத் தப்ப வழியில்லை. தன் கையெழுத்தே சாட்சி. அப்போதுதான் பழைய எண்ணம் வெளியே வந்து வெளிச்சத்தில் நிற்கிறது. அதன்பிறகே அதை மாற்றுவது பற்றிப் பேச முடியும்.

இதற்கு இன்னொன்றும் வேண்டும். பிழையாக எழுதினால் யாரும் சிரிக்க மாட்டார்கள், ஆசிரியர் புள்ளி குறைக்க மாட்டார் என்ற நம்பிக்கை. நான் யாழ்ப்பாணத்தில் படித்த காலத்து ரியூட்டறிகளை நினைத்துப் பார்க்கிறேன். ஓலைக் கொட்டகைக்குள் இருநூறு பேர் நெருக்கி இருந்தோம். ஆசிரியர் அபாரமாகப் படிப்பித்தார். அந்த இரண்டு வருடங்களில் ஒரு கேள்விகூட நான் கேட்கவில்லை. கேட்டால் பின்வாங்கிலிருந்து ஊளைச் சத்தம் வரும். கேட்காமலே ‘ஏ’ எடுத்தேன். கப்பிக் கணக்கும் அதில் வந்தது. மரக்கட்டைக் கேள்வியை முதன்முதலில் வாசித்தபோது என் மனம் முதலில் போனதும் கட்டையின் பக்கம்தான்.

லேவர்டனில் இந்த முயற்சி சுலபமாக நடந்தேறியது என்று எண்ணிவிடக் கூடாது. முதல் எதிர்ப்பு மாணவர்களிடமிருந்தே வந்தது. அவர்களைப் பொறுத்தவரை படிப்பு என்றால் கரும்பலகையில் உள்ளதைக் கொப்பியில் இறக்குவது. பக்கம் நிரம்பினால் வேலை நடந்தது. நீ என்ன நினைக்கிறாய் என்று ஆசிரியர் திருப்பித் திருப்பிக் கேட்டால், அது அவர் தம் வேலையை நம் தலையில் கட்டுவதாகத் தெரிந்தது. ஆசிரியர்களும் தளர்ந்தார்கள். எல்லாவற்றையும் கைவிட்டுப் பழைய முறைக்கே போய்விடலாமா என்ற எண்ணம் அந்த வாராந்தக் கூட்டங்களில் எழாமல் இல்லை. தனியாக இருந்திருந்தால் கைவிட்டிருப்பார்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியரும் அதே அடி வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்ததால் தொடர்ந்தார்கள்.

மெல்ல மெல்ல மாற்றம் தெரிந்தது. தனக்கு எந்த இடத்தில் விளங்கவில்லை என்று குறிப்பாகச் சொல்லும் பிள்ளை. ஆசிரியர் சொன்னதை மறுத்துக் காரணம் கேட்கும் பிள்ளை. வரலாற்று வகுப்பில் படித்ததை விஞ்ஞான வகுப்பில் எடுத்துப் போடும் பிள்ளை. இப்படியான நல்ல கற்றல் நடத்தைகளை ஆசிரியர்கள் பட்டியலிட்டுக் கவனித்தார்கள். மாணவன் புத்திசாலியா என்று பார்ப்பதை விட்டு, அவன் இன்று என்ன செய்தான் என்று பார்க்கத் தொடங்கினார்கள். முதலில் இரண்டு ஆண்டுகளுக்கென்று போட்ட திட்டத்தை நிறுத்த ஆசிரியர்களே விரும்பவில்லை. பிறகு அது விக்டோரியாவின் வேறு பள்ளிகளுக்கும், சுவீடன், டென்மார்க், கனடா போன்ற நாடுகளுக்கும் பரவியது.

இலக்கிய வாசகர்களை ஈர்க்கக்கூடிய ஒரு விடயம் இதில் உண்டு. இந்த ஆசிரியர்கள் எழுதினார்கள். 1986 இல் பெயர்டும் மிட்செலும் தொகுத்த முதல் நூலில் லேவர்டன் ஆசிரியர்களே தங்கள் அனுபவங்களை எழுதியிருக்கிறார்கள். பின்னர் ‘பீல் விதைகள்’ என்ற பொருளில் ஒரு சஞ்சிகையும் வந்தது. ஒரு பாடம் எப்படிப் போனது, எந்தப் பிள்ளையின் எந்தக் கேள்வி தன்னைத் திகைக்க வைத்தது என்பது போன்ற சிறு பதிவுகள். புள்ளிவிபரமும் கலைச்சொற்களும் நிறைந்த ஆய்வுக் கட்டுரைகளை ஆசிரியர்கள் வாசிப்பதில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்த இரகசியம். இன்னொரு ஆசிரியர் எழுதிய வகுப்பறைக் கதையை வாசிப்பார்கள். நாளை காலை தம் வகுப்பில் அதைச் செய்து பார்ப்பார்கள். பிற்காலத்தில் மொனாஷின் ஜோன் லோக்ரன், அமண்டா பெரி ஆகியோர் மெல்பேர்ண் கத்தோலிக்கக் கல்வி அலுவலகத்தோடு சேர்ந்து, விஞ்ஞான ஆசிரியர்களைத் தங்கள் வகுப்பறை நிகழ்வுகளை எழுதவைத்து 2006 முதல் தொகுப்புகளாக வெளியிட்டதும் இந்த வழியில் வந்ததே.

எதிர்த்திசையில் நடந்தவரும் உண்டு. ஆசிரியர் கல்விப் பேராசிரியரான ஜெஃப் நோர்த்ஃபீல்ட், பீல் திட்டத்தோடு தொடக்கத்திலிருந்தே தொடர்புள்ளவர். அவர் 1990களில் ஓர் ஆண்டு முழுவதும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்கப் பள்ளிக்கூடம் திரும்பினார். ஆசிரியர்களுக்குப் பாடம் சொல்பவர் தாமே பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் முன்னால் நின்று அல்லாடினார். தினமும் குறிப்பெழுதினார். அந்த ஆண்டு பற்றி அவரும் லோக்ரனும் எழுதிய நூல் 1996 இல் வெளிவந்தது. தான் எதிர்பார்த்ததுபோல் நடக்காதவற்றை மறைக்காமல் எழுதியிருப்பதால் அது மதிக்கப்படுகிறது. நம்மூர்களில் எத்தனை கல்விப் பேராசிரியர்கள் இப்படி ஒரு வருடத்திற்குத் துணிவார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்டால் கோபிப்பார்கள்.

இந்தியாவிலும் இதற்கு முன்பே ஓர் அருமையான முயற்சி நடந்தது. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் (இன்று நர்மதாபுரம்) 1972 இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கியது. கிஷோர் பாரதி, ரசூலியாவின் நண்பர்கள் கிராம மையம் ஆகிய இரண்டு தொண்டு அமைப்புகள் தொடங்க, தில்லிப் பல்கலைக்கழகம், டாட்டா ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவற்றின் விஞ்ஞானிகள் கிராமங்களுக்கு வந்து ஆசிரியர்களோடு உட்கார்ந்து செய்முறைகளை வகுத்தார்கள். பிள்ளைகள் தாங்களே செய்து பார்த்து விடை எழுத வேண்டும். பரீட்சைக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். கிராமத்துப் பிள்ளைகள் தங்கள் கேள்விகளைச் சவாலிராம் என்ற கற்பனை மனிதருக்குக் கடிதமாக எழுதினார்கள், பதிலும் வந்தது. 1982 இல் உருவான ஏகலவ்யா அமைப்பு பின்னர் இதைப் பொறுப்பேற்றுப் பல மாவட்டங்களுக்குக் கொண்டுசென்றது. 2002 இல் மாநில அரசு ஓர் ஆணையால் அதை நிறுத்திவிட்டது. முப்பது வருட உழைப்பு. லேவர்டன் அரசாங்கத்தின் கட்டளையில் பிறக்காததால் கட்டளையால் சாகவும் இல்லை. ஆனால் அதே காரணத்தால், ஆசிரியர்களின் மனமும் மாலை நேரமும் உள்ளவரை மட்டுமே அது எங்கும் உயிரோடிருக்க முடியும். ஒரு பள்ளியில் இரண்டு பேர் இடம் மாறிப் போனால் வட்டம் கலைந்துவிடும். இரண்டில் எது மேல் என்று என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை.

இன்று அவுஸ்திரேலியாவில் இத்தகைய கூட்டுகளுக்குப் பஞ்சமில்லை. சிஎஸ்ஐஆர்ஓ 2007 இல் தொடங்கிய திட்டம், விஞ்ஞானி ஒருவரை ஓர் ஆசிரியரோடு இணைத்தது. மெல்பேர்ணின் பார்க்வில்லில் மரபணு ஆய்வுகூடம் ஒன்று பள்ளி மாணவர்களுக்காகவே இயங்குகிறது. மொனாஷின் கிளேற்றன் வளாகத்துக்குள்ளேயே 2010 இல் ஜோன் மொனாஷ் விஞ்ஞானப் பள்ளி திறக்கப்பட்டது. பத்தாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை. சுற்றியுள்ள புறநகர்களில் நம்மவர்கள் நிறையப் பேர் வாழ்வதால் இந்தப் பெயர் தமிழ் வீடுகளில் நன்கு அடிபடும். அதற்கு நுழைவுப் பரீட்சை உண்டு, ஆகவே ரியூசனும் உண்டு. சிட்னியில் செலக்டிவ் பள்ளிகளுக்கு நடப்பதும் இதுவே. சனிக்கிழமை காலையில் தமிழ்ப் பள்ளி, மத்தியானம் பரீட்சைப் பயிற்சி. பரீட்சைப் புள்ளி விளங்கிக்கொண்டதற்கு அத்தாட்சி அல்ல என்று காட்டிய பல்கலைக்கழகத்தின் வளாகத்துக்குள் பிள்ளையைச் சேர்க்க, மறுபடியும் புள்ளிக்காக ஓடுகிறோம். உள்ளே நல்ல கற்பித்தல் நடக்கிறது என்பதை மறுக்கவில்லை. வாசலைச் சொல்கிறேன். பெற்றோரைக் குற்றம் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. கையில் சூட்கேசோடு வந்திறங்கியவர்களுக்குப் புள்ளி ஒன்றே தெரிந்த நாணயம்.

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் கராஜில் பழைய சைக்கிள் ஒன்றின் முன் சக்கரத்தைக் கழற்றிக் குறுக்குமரத்தில் கட்டினேன். வாளிக்கும் கட்டைக்கும் பாரம் சரிப்பார்க்க அரை மணி நேரம் போனது. விருந்துக்கு வந்திருந்தவர்களில் இருவர் எஞ்சினியர்கள், ஒருவர் டொக்டர். எல்லோருக்கும் ஒரு கடதாசித் துண்டு கொடுத்தேன். மருமகன் முறையான பன்னிரண்டு வயதுப் பையன் முதலில் எழுதி முடித்தான். எஞ்சினியர்களில் ஒருவர் கடதாசியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “இதெல்லாம் சின்னப் பிள்ளைகளின்ர விளையாட்டு, முதலில சாப்பிடுவம்” என்றார். பையன் விடவில்லை. “இல்லை மாமா, நீங்கள் எழுதினதைக் காட்டுங்கோ” என்று அவர் பின்னாலேயே குசினிவரை போனான்.